ஆண்டறிக்கையில் எழுதாதவை

கடல் இங்கிருந்து பதினோரு மைல்.
வாடை மட்டும் பெருக்கு நேரத்தில்
பெர்ணம் ஆற்றோடு ஏறிவந்து
செம்பனை ஆலைப் புகையில் கலந்து
பஸ் நிறுத்தத்தில் நிற்கும்.
அந்த வாடையை நம்பித்தான்
பழைய ரப்பர் கிட்டங்கிக்குக்
கடல்சார் காட்சியகம் என்று பலகை மாட்டினோம்.
மலாயில் பிழையில்லை, சீனத்தில் பிழையில்லை.
தமிழில் மட்டும் ஓர் ஒற்றுப்பிழை.
எழுதியது நான்.

ஜனவரியில் கோத்தோங் ரோயோங்.
இருபது பேர் வருவதாகச் சொல்லி
ஏழு பேரும் ஒரு லோரியும் வந்தார்கள்.
பூங்காவில் கோரை வெட்டினோம்.
நங்கூரத்துக்குக் கறுப்புச் சாயம்.
'இது கப்பலோடது இல்ல,
ஆத்துல மண்ணு தோண்டுற மெஷினோடது'
என்றார் பட்டறை லிம் சூ ஹுவாட்;
சொல்லிக்கொண்டே இரண்டாம் பூச்சும் பூசினார்.

மார்ச்சில் பள்ளிப் பிள்ளைகள், முப்பத்தொரு பேர்.
தொங்காங் படகின் வயிற்றுக்குள் இறங்கி
ரப்பர் ஷீட்டுகளாக
ஒருவர்மேல் ஒருவர் படுத்துப் பார்த்தார்கள்.
ஒருத்தி மட்டும் கேட்டாள்:
'இது ஷீட்டு ஏத்திட்டுப் போச்சு.
நம்மள ஏத்திட்டு வந்தது எங்க?'
அதற்கு எங்களிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது.
பூட்டியிருக்கிறது.
கொடுத்தவரிடமும் சாவி இல்லை.

ஏப்ரலில் மணி விவகாரம்.
கப்பல் மணி கிடைக்கவில்லை என்று
மூணாம் தீம்பாரின் பெரட்டு மணியைக்
கழற்றிவந்து தொங்கவிட்டார் குணாளன்.
கீழே, கூசாமல், 'கப்பல் மணி'.
பிரேமாவதி நின்று படித்தாள்.
'விடியக்காலை நாலரைக்கு
இது எந்தக் கடல்ல அடிச்சது?'
கூட்டம் ஒன்றரை மணி நேரம்.
தேநீர் இரண்டு முறை. வாக்கு சரிபாதி.
முடிவு: மணி இருக்கும்,
நாக்கைத் துணியால் கட்டிவைப்பது,
பெயர்ச்சீட்டு பிறகு.
'பிறகு' என்று குறித்துக்கொண்டேன்.

ஜூனில் சம்பான் போட்டி. தலைவர் கவிழ்ந்தார்.
ஊர்க் கைப்பேசிகள் எல்லாவற்றிலும்
அது பத்திரமாக இருக்கிறது.
ஆகஸ்டில் வருகைப் பதிவேட்டில் பதினாறு கையெழுத்து;
பதினொன்று கழிவறைக்கு வந்தவர்களுடையது.
'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில்
ஒருவர் நேர்மையாகவே எழுதியிருந்தார்.

அக்டோபர், பௌர்ணமி.
ஆறு கரைமேட்டை ஏறுவதை
வலை இழுக்கப் போன யாக்கோப்தான் பார்த்தார்.
யாரும் போன் எடுக்கவில்லை. மணி மூன்று.
துணியை அவிழ்த்து
அடித்தார்.

பெரட்டு நின்று இருபது வருஷம்.
உடம்பு மறக்கவில்லை.
அடுக்குமாடி வீடுகளில்
விளக்குகள் கண்டபடி எரிந்தன.
கைலியோடு, நைட்டியோடு,
ஜோடி சேராத செருப்போடு ஓடினோம்.
பேர் கூப்பிட ஆளில்லை.
லேட்டென்று அரைநாள் கூலி வெட்டவும் ஆளில்லை.
ஓடும்போது அது எனக்கு உறைக்கவில்லை,
மறுநாள் கண்ணாடி முன் நின்றபோது உறைத்தது.
மணல் மூட்டைகள் கைக்குக் கை போயின.
குணாளன் தகரப் பெட்டியைத்
தலைமேல் வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றார்.
பிரேமாவதி முழங்கால் தண்ணீரில்
'லாகி, யாக்கோப்! லாகி!' என்று கத்தினாள்.

தொங்காங் படகு
நாற்பது வருஷத்துக்குப் பிறகு
இருந்த இடத்திலேயே ஒரு சாண் மிதந்தது.
வெளிச்சம் வந்ததும்
கொஞ்சம் கோணலாக உட்கார்ந்துகொண்டது.
நிமிர்த்த வேண்டாம் என்பது லிம்மின் கருத்து.

டிசம்பர் கையிருப்பு: முப்பத்தேழு வெள்ளி நாற்பது காசு.
ஊஞ்சலுக்குச் சங்கிலி வாங்க வேண்டும்.
பெயர்ச்சீட்டைப் பிரேமாவதியே எழுத ஒப்புக்கொண்டாள்.
நாலு தடவை எழுதி
நாலையும் கிழித்துவிட்டாள்.
இப்போதைக்கு மணிக்குக் கீழே வெற்று அட்டை.
பக்கத்துச் சுவரில்,
தண்ணீர் ஏறிய உயரத்தில்,
பென்சிலில் யாரோ ஒரு கோடு,
கோட்டருகே தேதி,
தேதிக்குப் பிறகு
அழிக்கப்பட்ட ஒரு சொல்.